60ஆம் லெவலில் கேம் உடையாமல் இருக்க: உயர்மட்டத் திறன்களைச் சமன்செய்யும் முறை

சொந்தமாக ஒரு சிறிய ஒன்லைன் கேம் செய்து, ஹட்டனிலும் மஸ்கெலியாவிலும் பண்டாரவளையிலும் உள்ள கூட்டாளிகளை அதில் விளையாட விடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். முதல் 20 லெவல் நன்றாகப் போகும். 40ஐத் தாண்டியதும் ஒரு பாத்திரம் மட்டும் எல்லாரையும் ஒரே அடியில் சாய்க்கத் தொடங்கும். உடனே அந்தத் திறனின் சேதத்தைப் பாதியாக வெட்டுவார்கள். அடுத்த கிழமை வேறொரு பாத்திரம் தலைதூக்கும். அதையும் வெட்டுவார்கள். மூன்றாவது வெட்டில் விளையாடுகிறவர்கள் கழன்றுவிடுவார்கள்.

இதற்குக் காரணம் எண்கள் பெரிதாக இருப்பதில்லை. உயர் லெவலில் ஒருவரிடம் பத்துப் பன்னிரண்டு திறன்கள் சேர்கின்றன, அவை ஒன்றையொன்று பெருக்குகின்றன. அந்தப் பெருக்கலுக்கு வரம்பு கட்டினால் மீதிச் சிக்கல்களில் பெரும்பகுதி தானாக அடங்கும்.

விளக்கத்துக்கு ஒரு மாதிரிக் கேமை எடுத்துக்கொள்வோம். உச்ச லெவல் 60. நான்கு பாத்திரங்கள்: வெட்டிச் சேதம் செய்யும் கவ்வாத்துக்காரர், அடியை வாங்கித் தாங்கும் காவற்காரர், உயிரைத் திருப்பிக் கொடுக்கும் மருத்துவிச்சி, தப்பு மேளம் அடித்துக் குழுவுக்கு ஊக்கம் ஏற்றும் தப்புக் கலைஞர். ஏழு கன்னியர் மலை உச்சியில் ஒரு பொஸ், அதாவது நால்வரும் சேர்ந்து வீழ்த்த வேண்டிய பெரிய எதிரி.

முதலில் நேரம், பிறகு எண்

"இந்தத் திறன் எவ்வளவு சேதம் செய்ய வேண்டும்?" என்ற கேள்வியோடு தொடங்காதீர்கள். "இந்தச் சண்டை எத்தனை செக்கன் நடக்க வேண்டும்?" என்று தொடங்குங்கள். மாதிரிக்கு: சாதாரண எதிரி 10 செக்கன், இருவர் மோதல் 60 செக்கன், நால்வர் சேர்ந்த பொஸ் சண்டை 240 செக்கன். இந்த மூன்றையும் விரிதாளின் உச்சியில் எழுதி வைத்துவிடுங்கள். பிறகு செய்யும் ஒவ்வொரு மாற்றமும் இந்த மூன்றில் எதைக் கெடுக்கிறது என்று பார்த்தால் போதும்.

அடுத்தது வளர்ச்சி வீதம். லெவல் 1இல் உயிர் 200 என்று வைத்து, லெவலுக்கு 7 சதவீதம் கூட்டினால் 60இல் ஏறத்தாழ 10,800 வரும். 10 சதவீதம் என்றால் 55,000. 15 சதவீதம் என்றால் 762,000. மூன்று சதவீத வித்தியாசம்தானே என்று 10ஐத் தேர்ந்தெடுப்பவர்கள் கடைசியில் ஐந்து மடங்கு பெரிய எண்களோடு மல்லுக்கட்டுவார்கள். 7ஐத் தாண்டாதீர்கள். 7 சதவீதத்திலேயே ஐந்து லெவல் கூடியவருக்குச் சேதம் 1.4 மடங்கு, உயிர் 1.4 மடங்கு, இரண்டையும் பெருக்கினால் பலம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இருவர் மோதலில் லெவல் வித்தியாசத்துக்கு ஏன் எல்லை வைக்க வேண்டும் என்பது இதிலேயே தெரியும்.

பெரிய நிறுவனங்களும் இந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்தவைதான். வோர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் என்ற ஒன்லைன் கேம் 2014இல் தன் எண்கள் எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சுருக்க வேண்டி வந்தது. 2020இல் உச்ச லெவலை 120இலிருந்து 60க்கு இறக்கியது. சாதாரண 32 பிட் முழு எண்ணில் 2,147,483,647க்கு மேல் எழுத முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். பொஸ்ஸின் உயிர் அதைத் தாண்டினால் எண் புரண்டு மறையில் போய் நிற்கும்.

விரிதாளில் ஒரு திறனை எழுதும் விதம்

ஒரு திறனுக்கு ஒரு வரி. சேதம், போடும் நேரம், கூல்டவுன் (மறுபடி போடக் காத்திருக்கும் நேரம்), செலவாகும் மூச்சு (திறன் போடச் செலவாகும் சக்தியான மனாவுக்கு மாதிரிக் கேமில் இட்ட பெயர்), எத்தனை பேர்மேல் படும், எவ்வளவு நேரம் நிற்கும், எந்தக் கூடையைச் சேர்ந்தது. கடைசி நிரலை அடுத்த பகுதியில் விளக்குகிறோம்.

கவ்வாத்துக்காரரின் சாதாரண வெட்டு 1.5 செக்கனுக்கு 300 சேதம்: செக்கனுக்கு 200. அவரது பெரிய வெட்டு 2,400 சேதம், போட 1.5 செக்கன், கூல்டவுன் 12 செக்கன். புதியவர்கள் 2,400ஐ 12ஆல் வகுத்து 200 எடுத்து, மொத்தம் 400 என்று எழுதிவிடுவார்கள். பெரிய வெட்டைப் போடும் 1.5 செக்கனில் அவர் சாதாரண வெட்டைப் போட்டிருக்கலாம். அந்த 300 இழப்பு. ஆகவே உண்மையான கூடுதல் 2,100 ÷ 12 = 175. மொத்தம் 375. ஒரு திறனில் இது சின்னப் பிழை. ஆறு திறன்களில் இதே பிழையைச் செய்தால், தாளில் பலசாலியாகத் தெரியும் பாத்திரம் கேமில் சோப்ளாங்கியாக நிற்கும். பிறகு அதற்கு இன்னும் எண்களைக் கூட்டப் போய்ச் சண்டை முழுவதும் குலையும்.

375ஐ வைத்துச் சரிபாருங்கள். எதிராளியின் உயிர் 10,800. கவசம் இல்லாவிட்டால் 29 செக்கன். சேதத்தைப் பாதியாக்கும் கவசம் போட்டிருந்தால் 58 செக்கன். நாம் குறித்த 60க்குக் கிட்ட வந்துவிட்டது. பொஸ்ஸுக்கும் அப்படியே: நால்வரின் கூட்டுச் சேதம் செக்கனுக்கு 800, ஊக்கங்கள் சராசரியாக 20 சதவீதம் கூட்டினால் 960, அதை 240ஆல் பெருக்கினால் 230,400. பொஸ்ஸின் உயிர் அதுதான்.

கூடைகள்

இந்தப் பகுதியை மட்டும் ஆறுதலாக, கையில் பேப்பரோடு வாசியுங்கள்.

தப்புக் கலைஞர் +50% ஊக்கம் தருகிறார். கவ்வாத்துக்காரருக்குத் தன் ஆவேசத்தால் +50%. காவற்காரர் எதிரிமேல் வைத்த குறியால் +50%. ஆயுதத்தால் +50%. 60ஆம் லெவலில் கிடைக்கும் பட்டத்தால் இன்னொரு +50%. தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயமானது. ஐந்தையும் பெருக்கினால் 7.6 மடங்கு. இதன்மேல் 2.5 மடங்கு கிரிட்டிகல் (எப்போதாவது தற்செயலாக விழும் பலத்த அடி) விழுந்தால் 19 மடங்கு. 2,400 சேதம் செய்ய வேண்டிய வெட்டு 45,000ஐத் தாண்டும். ஆறே அடியில் பொஸ் காலி. அந்த ஐந்து திறன்களில் எதைக் குற்றம் சொல்ல முடியும்? எதையும் முடியாது. அதனால்தான் தனித்தனியாக வெட்டுவது பலன் தருவதில்லை.

வழி இதுதான். எல்லா ஊக்கங்களையும் மூன்று கூடைகளுக்குள் போடுங்கள். முதற் கூடை அடிப்பவரின் ஊக்கங்கள். இரண்டாவது, அடி வாங்குபவரின் பலவீனங்கள். மூன்றாவது, கிரிட்டிகல். ஒரே கூடைக்குள் இருப்பவை கூட்டப்படும். கூடைகள் மட்டுமே ஒன்றோடொன்று பெருக்கப்படும். நான்காவது கூடை கிடையாது. எவ்வளவு நல்ல யோசனை வந்தாலும் அது இந்த மூன்றில் ஒன்றுக்குள் அடங்க வேண்டும்.

பிறகு கூடையின் வாய்க்கு அளவு வையுங்கள். முதற் கூடை உச்சம் +100%, இரண்டாவது +50%, மூன்றாவது இரண்டு மடங்கு. இப்போது 2 × 1.5 × 2 = 6. இந்தக் கேமில் எவரும் எந்தச் சேர்க்கையிலும் ஆறு மடங்கைத் தாண்ட முடியாது என்று, யாரும் விளையாடுவதற்கு முன்னாலேயே உங்களால் சொல்ல முடியும். புதிய திறன் ஒன்றைச் சேர்க்கும் நாளில் இந்த நிம்மதியின் அருமை விளங்கும்.

ஆறு மடங்கு பொஸ்ஸுக்குப் பொருந்தும், மனிதருக்குப் பொருந்தாது. 2,400 × 6 = 14,400; கவசமில்லாத ஒருவரின் உயிரே 10,800தான். ஆகவே இருவர் மோதலுக்குத் தனி அளவு: +50%, +25%, கிரிட்டிகல் 1.5. பெருக்கினால் 2.8. பெரிய வெட்டு 6,750 ஆகும். கவசம் பாதியாக்கினால் 3,375, அதாவது உயிரில் 31 சதவீதம். வலிக்கும், ஆனால் எழுந்து திருப்பி அடிக்க இடமிருக்கும்.

இன்னும் இரண்டு விதிகள். ஒரே பெயருள்ள ஊக்கம் இரண்டு பேரிடமிருந்து வந்தால் பெரியது மட்டும் செல்லும். ஒரு தப்புக் கலைஞர் ஒரு நேரத்தில் ஒரு தாள அடியை மட்டுமே வாசிக்க முடியும்: சேதத்துக்கு ஒரு அடி, வேகத்துக்கு ஒன்று, காப்புக்கு ஒன்று. மலையகத்தின் காமன் கூத்தில் காட்சி மாறும்போது தப்பின் அடியும் மாறுகிறது. கேமிலும் அப்படி மாற்றச் செய்தால் அந்தப் பாத்திரத்தை எடுத்தவருக்கு எப்போதும் யோசிக்க வேலை இருக்கும். மூன்றையும் ஒன்றாக ஓடவிட்டால் அவர் சண்டை தொடங்கும்போது மூன்று பொத்தானை அமுக்கிவிட்டுச் சும்மா இருப்பார்.

குறுகிய கால ஊக்கத்தின் மதிப்பைக் கணிக்கும்போது ஒரு பொறி உண்டு. 60 செக்கனுக்கு ஒருமுறை, 10 செக்கன் நிற்கும் +50% ஊக்கம். சராசரி 8.3% என்று கணக்குச் சொல்லும். விளையாடுகிறவர்கள் தங்கள் பெரிய அடிகளை எல்லாம் சேமித்து அந்தப் பத்துச் செக்கனுக்குள் கொட்டுவார்கள். மொத்தச் சேதத்தில் 40 சதவீதம் அதற்குள் விழுந்தால் ஊக்கத்தின் மதிப்பு 20%. இப்படிச் சேமித்து அடிப்பது திறமை. அதைத் தடுக்க வேண்டியதில்லை. விரிதாளில் 8.3க்குப் பதிலாக 20 என்று எழுதுங்கள், அவ்வளவுதான்.

சதவீதத்தால் குறைப்பவை

கவசம் நேரடியாகச் சதவீதத்தைக் குறைத்தால் கடைசிப் படிகள் ஆபத்தானவை. 80% குறைப்பிலிருந்து 90%க்குப் போகும்போது வாங்கும் அடி பாதியாகிறது. 10%இலிருந்து 20%க்குப் போனால் ஒன்பதில் ஒரு பங்குதான் குறைகிறது. ஒரே அளவு பொருள், எட்டாத தூரத்தில் இரண்டு பலன்.

சூத்திரம்: குறைப்பு = கவசம் ÷ (கவசம் + 1,000). கவசம் 1,000 என்றால் 50%, 2,000 என்றால் 66.7%, 3,000 என்றால் 75%, 9,000 என்றால் 90%. வளைவு தட்டையாவதுபோலத் தெரிந்தாலும், ஒவ்வொரு 1,000 கவசமும் காவற்காரருக்கு ஒரு முழு உயிரளவு தாங்கும் சக்தியைக் கூட்டுகிறது: 10,800, 21,600, 32,400 என்று ஒரே சீராக ஏறும். லீக் ஒஃப் லெஜண்ட்ஸ் இதே வடிவத்தை 1,000க்குப் பதில் 100 வைத்துப் பயன்படுத்துகிறது. கூல்டவுன் குறைப்பையும் அந்தக் கேம் 2020இன் கடைசியில் இதே பாணிக்கு மாற்றியது: கூல்டவுன் × 100 ÷ (100 + விரைவு). விரைவு என்பது கவசம்போலச் சேரும் ஒரு புள்ளி. 12 செக்கன் கூல்டவுன் விரைவு 50இல் 8 ஆகும், 100இல் 6, 200இல் 4. சதவீதமாகவே விட்டிருந்தால் 80% குறைப்பில் ஐந்து மடங்கு, 90%இல் பத்து மடங்கு தடவை போடலாம். அந்தக் கதவைத் திறந்து வைக்காதீர்கள்.

அசையவிடாத திறன்கள்

நான்கு செக்கன் ஸ்டன், 20 செக்கன் கூல்டவுன். ஒருவரிடம் இருந்தால் சாதாரணம். ஐந்து பேர் முறை போட்டு அடித்தால் 5 × 4 = 20: எதிராளி வாழ்நாள் முழுக்க நின்ற இடத்தில் நிற்பார். குறையும் பலன் வையுங்கள். முதல் ஸ்டன் 4 செக்கன், அடுத்தது 2, அடுத்தது 1, பிறகு 15 செக்கனுக்கு எதுவும் பிடிக்காது. 22 செக்கனில் 7 மட்டுமே கட்டுண்டிருப்பார். முழுசு, பாதி, கால், பிறகு விலக்கு என்ற இந்த முறையை வோர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் நெடுங்காலம் கையாண்டது.

பொஸ்ஸுக்கு ஸ்டன் பிடிக்கவே பிடிக்காது என்று எழுதிவிடுவது சுலபம், ஆனால் அப்படிச் செய்ய வேண்டாம். அந்தத் திறனுக்காகப் புள்ளி செலவழித்தவர் ஏமாந்துபோவார். பொஸ்ஸின் நீண்ட மந்திரத்தை ஒரு செக்கன் தடுக்கும் அளவுக்காவது பயன்பட விடுங்கள்.

மூச்சுக் கணக்கு

மருத்துவிச்சியின் மூச்சு 10,000, செக்கனுக்கு 20 ஊறும். 240 செக்கன் சண்டையில் மொத்தம் 14,800. ஒரு சிகிச்சைக்கு 400 என்றால் 37 தடவை. தடவைக்கு 3,000 உயிர் என்றால் 111,000. பொஸ் அந்த நான்கு நிமிடத்தில் குழுவுக்குச் செய்யும் சேதம், கவசத்துக்குப் பிறகு, இதில் 80 சதவீதம்: ஏறத்தாழ 88,800, செக்கனுக்கு 370. மீதி 20 சதவீதம் தவறுகளுக்கான இடம். ஊறும் வேகத்தைக் கூட்டிவிட்டால் இந்தக் கணக்கே இல்லாமல் போகும். சண்டையில் யாரும் சாக மாட்டார்கள், யாரும் பயப்படவும் மாட்டார்கள்.

சிக்னல் குறைந்த லயத்திலிருந்து விளையாடுபவர்

மலையகத்தில் கேம் செய்பவர் இதை விட்டுவிட்டால் மேலே சொன்ன கணக்கு எல்லாம் பாதிப் பேருக்குத்தான் பொருந்தும். மேல் டிவிஷனில் டவர் நேரே தெரியும். கீழ் டிவிஷனை ஒரு முகடு மறைத்திருக்கும். ஒரே தோட்டம், ஒரே போன், ஆனால் பிங் (தகவல் சேர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்) வேறு. பின்னேரம் எல்லாரும் வேலை முடிந்து போனை எடுக்கும் நேரத்தில் இன்னும் ஏறும். சேர்வரைச் சிங்கப்பூரிலோ மும்பாயிலோ வாடகைக்கு எடுத்தால் கடல் தாண்டும் தூரமும் சேரும்.

உயர் லெவல் திறன்களில்தான் "சரியான நேரத்தில் அமுக்கினால் எதிர்வெட்டு" போன்றவை வருகின்றன. அதற்கு 300 மில்லிசெக்கன் சாளரம் (அமுக்குவதற்கான அவகாசம்) வைத்தீர்கள் என்று வையுங்கள். கண்ணால் கண்டு விரலால் அமுக்க மனிதருக்கு ஏறத்தாழ 250 மில்லிசெக்கன் வேண்டும். எதிரியின் அசைவு போனுக்கு வந்து, அமுக்கியது சேர்வருக்குத் திரும்பிப் போகும் முழுப் பிங் நேரமும் அதோடு சேரும். பிங் 80 என்றால் 330: தவறிவிட்டது. பிங் 250 என்றால் 500: முயற்சி செய்வதே வீண். சாளரத்தை 800 மில்லிசெக்கனுக்குக் குறையாமல் வையுங்கள். அதிவேகத்துக்குப் பரிசு கொடுப்பதைவிட, சரியான திறனைத் தேர்ந்தெடுத்ததற்குப் பரிசு கொடுங்கள். கைவிரலின் வேகம் டவரைப் பொறுத்தது. தீர்மானம் விளையாடுபவரைப் பொறுத்தது.

சேர்வரின் துடிப்பை (கேமை அது ஒவ்வொரு தடவை கணக்கிடும் இடைவெளியை) மெதுவாக்குவதும் நல்ல வழி. ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற கேமில் ஒரு துடிப்பு 0.6 செக்கன், எல்லாச் செயலும் அந்தத் தாளத்தில்தான் நடக்கும். மாதிரிக் கேமுக்கு 0.5 பொருந்தும், ஏனெனில் 1.5, 4, 12 எல்லாம் அதன் மடங்குகள். 0.6 எடுத்தால் கவனம்: 1.5 செக்கன் வெட்டு அடுத்த துடிப்பான 1.8க்குத் தள்ளப்படும், செக்கனுக்கு 200 என்பது 167 ஆகிவிடும். தாளில் சரியாக இருந்து கேமில் மட்டும் பலவீனமாகும் பாத்திரத்துக்கு அடிக்கடி இதுதான் காரணம். எந்த நேரத்தையும் துடிப்பின் மடங்கிலேயே எழுதுங்கள்.

இணைப்பு அறுந்தால் என்ன ஆகும் என்பதும் சமநிலையின் பகுதி. ஊக்கத்தின் நேரம் சேர்வரில் ஓடட்டும். அறுந்தவரின் பாத்திரம் 30 செக்கன் தற்காப்பு நிலையில் நிற்கட்டும். பொஸ் சண்டையில் மட்டும். இருவர் மோதலில் இதைக் கொடுத்தால், தோற்கப்போகிறவர் டேட்டாவை அணைத்துத் தப்புவார்.

சோதிக்க மழைக்காலம் வரை காத்திருக்க வேண்டாம். லினக்ஸ் கணினி ஒன்றில், இணைப்பை வேண்டுமென்றே மோசமாக்கும் நெட்எம் வசதியால் 200 மில்லிசெக்கன் தாமதம், 80 ஏற்ற இறக்கம், 3% தகவல் இழப்பு வைத்து, ஒரு மாலை முழுக்க அப்படியே விளையாடிப் பாருங்கள். எந்தத் திறனை நீங்களே தொடாமல் விட்டீர்களோ, அதைத்தான் திருத்த வேண்டும்.

பத்தாயிரம் சண்டை

பைதன் நிரல்மொழியில் சண்டையை எழுதி 10,000 தடவை ஓடவிடுங்கள். படம் எதுவும் வேண்டாம்; எண்கள் மட்டும். சராசரியோடு நிற்காமல், மிக வேகமாக முடிந்த 500 சண்டைகளைத் தனியாக எடுத்துப் பாருங்கள். கிரிட்டிகல் வாய்ப்பு 30% என்றால் தொடர்ந்து ஐந்து விழுவது 411இல் ஒன்று. அபூர்வமாகத் தோன்றும், நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் வெட்டு நடக்கும் கேமில் தினமும் யாராவது ஒருவர் அப்படிச் சாவார். அந்தச் சாவு அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று பதிவைத் திறந்து பாருங்கள்: மூன்று செக்கனுக்குள் முழு உயிரும் போயிருந்தால் வாய்ப்பைக் குறையுங்கள்.

குறித்துவைத்த மூன்று நேரங்களிலிருந்து 10 சதவீதத்துக்குள் இருந்தால் விட்டுவிடுங்கள். நால்வரும் எல்லாவற்றிலும் ஒரே அளவாக வரத் தேவையில்லை. அப்படி வந்தால் நான்கு பாத்திரம் எதற்கு?

மாற்றும்போது

ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். அளவு 10 முதல் 15 சதவீதம். 50 சதவீத வெட்டு பிழையைத் திருத்துவதில்லை, இன்னொரு பக்கம் தள்ளிவிடுகிறது. மாற்றிய பிறகு இரண்டு கிழமை பொறுங்கள்: தோட்டத்துப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமையிலும் போயா நாளிலும்தான் நீண்ட நேரம் விளையாடுவார்கள், சம்பளத்தை ஒட்டி ரீலோட் போடும் நாட்களில் கூட்டம் வேறாக இருக்கும். மூன்று நாள் கணக்கை வைத்து எடுத்த முடிவு டவுனில் வைஃபை உள்ளவர்களின் முடிவாகத்தான் இருக்கும்.

எந்தத் திறன் அதிகம் சேதம் செய்தது என்பதோடு எந்தத் திறன் எத்தனை தடவை அமுக்கப்பட்டது என்பதையும் பதியுங்கள். யாரும் தொடாத திறன், எல்லாரும் தொடும் திறனளவுக்கே பழுதானது. அதைச் சரிசெய்யச் சேதத்தைக் கூட்டுவதற்கு முன், போடும் நேரத்தையும் மூச்சுச் செலவையும் பாருங்கள். பெரும்பாலும் தடை அங்கேதான் இருக்கும்.

மாற்றத்தை எண்ணோடு எழுதி அறிவியுங்கள்: "பெரிய வெட்டு 2,400இலிருந்து 2,100, காரணம், 60ஆம் லெவல் மோதல்கள் 45 செக்கனில் முடிகின்றன." ஒரு திறனைக் குறைக்கும் நாளில், அதில் புள்ளி போட்ட எல்லாருக்கும் அந்தப் புள்ளிகளை இலவசமாகத் திருப்பிக் கொடுத்து, வேறு திறனில் போட ஏழு நாள் அவகாசம் விடுங்கள். சிக்னல் இல்லாமல் அந்தக் கிழமை முழுக்க உள்ளே வர முடியாதவருக்கு, அவர் வரும் நாளிலிருந்து அந்த ஏழு நாளை எண்ணுங்கள்.